அண்டை நாடுகளுக்கு எழுத்தில் வாக்குக் கொடுங்கள்: வெளியுறவு நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

'அண்டை நாடுகளுக்கே முதலிடம்' என்ற கொள்கையை ஆராய்ந்து உங்கள் குழு 2023-இல் ஓர் அறிக்கை தந்தது. அந்தக் கொள்கையில் ஒரு விஷயத்தை மட்டும் மறுபடியும் கையில் எடுக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே வணிகத்தை ஒரே நாளில் நிறுத்திவிடும் நம்முடைய வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

2019 செப்டம்பர் கடைசியில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த சில நாட்களில் டெல்லிக்கு வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, நம் தொழிலதிபர்கள் கூடியிருந்த மேடையிலேயே அதைச் சொன்னார். வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறேன், இனி இப்படிச் செய்வதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள் என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. டாக்காவில் யாரும் சிரிக்கவில்லை. நவம்பரில் அங்கே வெங்காயம் அந்நாட்டு நாணயத்தில் கிலோ 200 டாகாவைத் தாண்டியது, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஓராண்டுக்குள், 2020 செப்டம்பர் 14 அன்று, மறுபடியும் அதே தடை, மறுபடியும் உடனடி அமல். எல்லையில் நின்ற லாரிகளில் வெங்காயம் அழுகியது. தேங்கிய சரக்கில் 25,000 டன்னைப் பிறகு அனுமதித்தோம். தடைக்கு முன் தகவல் சொல்வது என்று பேசிவைத்திருந்தது என்னவாயிற்று என வங்கதேசம் கடிதம் எழுதிக் கேட்டது. 2023 டிசம்பரிலும் இதே கதைதான்.

உள்நாட்டில் விலை ஏறும்போது அரசு தலையிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரத்தில் ஓர் அறிவிப்பை வெளியிடுகிறது. அவ்வளவுதான். டாக்காவிலோ காத்மாண்டுவிலோ இருக்கும் நம் தூதருக்கு அது எப்போது தெரியவருகிறது? உங்கள் குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

வெங்காயத்தோடு இது நிற்கவில்லை. 2013-இல் பூட்டானில் பொதுத்தேர்தலுக்குச் சில நாட்கள் இருந்தபோது, அந்நாட்டுக்கான சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தினோம். கணக்கு முறை சார்ந்த காரணம் என்று சொல்லப்பட்டது, தேர்தல் முடிந்தபின் மானியம் திரும்ப வந்தது. பூட்டான் மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

நேபாளத்தின் கதை இன்னும் வேதனையானது. 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே நம் விமானங்கள் காத்மாண்டுவில் இறங்கின. எந்த அண்டை நாட்டிலும் இதைவிட நல்ல பெயரைச் சம்பாதிக்க முடியாது. செப்டம்பரில் அவர்கள் அரசியலமைப்பை நிறைவேற்றியதும் எல்லையில் எரிபொருள் லாரிகள் நின்றன, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்த அரசியலமைப்பை எதிர்த்த, தெற்கு நேபாளச் சமவெளியைச் சேர்ந்த மதேசிப் போராட்டக்காரர்கள்தான் வழியை மறித்தார்கள், இந்தியா தடை எதுவும் விதிக்கவில்லை என்பது நம் அரசின் நிலைப்பாடு. போராட்டம் நடந்தது உண்மை. ஆனாலும் குளிர்காலத்தில் விறகு வைத்துச் சமைத்த நேபாளிகளுக்கு 1989-இல் நாம் பெரும்பாலான எல்லைப் பாதைகளை மூடியது ஞாபகத்துக்கு வந்தது, அவர்கள் யாரை நம்பினார்கள் என்பதும் தெரிந்ததே. 2016 மார்ச்சில் நேபாளம் சீனாவுடன் சரக்குப் போக்குவரத்து உடன்பாடு செய்துகொண்டது. இமயத்தைத் தாண்டிப் போகும் அந்த வழி நம் சமவெளிப் பாதைக்கு ஈடாகாது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கையெழுத்திட்டார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் நான் அரசைக் குறை சொல்லத் தயங்குகிறேன். 2021 ஏப்ரலில் நம் மக்களே ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்துகொண்டிருந்தார்கள். ஆனால் வங்கதேசம் 3 கோடி தவணைகளுக்கு ஒப்பந்தம் போட்டு முன்பணம் கட்டியிருந்தது, நாம் ஏற்றுமதியை நிறுத்தும்வரை விலைக்கு வந்தது 70 லட்சம்தான். முதல் ஊசி போட்டுக்கொண்ட லட்சக்கணக்கானோர் இரண்டாவது ஊசிக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்த இடைவெளியில் சீனாவின் சினோஃபார்ம் தடுப்பூசி உள்ளே வந்தது. அதற்காகச் சீனாவைத் திட்டிப் பயனில்லை.

2025-இல் நடந்தது இவற்றிலிருந்து வேறுபட்டது. வங்கதேசச் சரக்குகள் நம் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போகும் வசதியை ஏப்ரலில் ரத்து செய்தோம். மே மாதம், அவர்களுடைய ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக் கூடாது, நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றோம். நெரிசல் போன்ற காரணங்கள் சொல்லப்பட்டாலும், 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தபின் உறவு கசந்ததன் விளைவு இது என்று இரு பக்கமும் புரிந்துகொண்டார்கள். டாக்காவும் சும்மா இருக்கவில்லை, நம் நூல் தரைவழியாக நுழைவதை ஏப்ரலிலேயே தடுத்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வங்கதேசம் சாதாரணச் சந்தை அல்ல. ஆட்சியாளர்களின் கோபத்துக்கு இங்கே ஆலைத் தொழிலாளியும் அங்கே தையல் தொழிலாளியும் விலை கொடுக்க வேண்டுமா?

நமக்கு நன்றாகச் செய்யவும் தெரியும். 2022-இல் இலங்கை எரிபொருளுக்கும் மருந்துக்கும் அலைந்தபோது சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவினோம். தமிழ்நாடு தன் பங்காக அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. இலங்கையின் கடனைச் சீரமைக்க ஒத்துழைப்போம் என்று பன்னாட்டு நாணய நிதியத்துக்கு முதலில் உறுதிக் கடிதம் கொடுத்ததும் இந்தியாதான்.

ஆனால் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது மாலத்தீவை. 1981-ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டின் கீழ் அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, வெங்காயம், முட்டை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் அந்நாட்டுக்கு ஒதுக்கீடு தருகிறோம். மற்ற நாடுகளுக்குத் தடை இருந்தாலும் அவர்களுக்குப் போகும். 'இந்தியாவே வெளியேறு' என்று பிரசாரம் செய்து வென்று அந்நாட்டு அதிபரான முய்சு, நம் படையினரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த 2024-இல்கூட அந்த ஒதுக்கீட்டை நாம் குறைக்கவில்லை, கூட்டினோம். அதே ஆண்டு அக்டோபரில் அவர் டெல்லிக்கு வந்து 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதியைப் பெற்றுக்கொண்டார். எழுத்தில் இருந்த ஒரு கடமையை நாம் காப்பாற்றியதால் பேச்சுக்கு வழி அடைபடவில்லை.

மாலத்தீவின் மக்கள்தொகை சில லட்சம், வங்கதேசத்தின் மக்கள்தொகை 17 கோடி, இரண்டும் ஒன்றா என்று வணிக அமைச்சகம் கேட்கும். நியாயமான கேள்விதான். முழுத் தேவையையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஏற்றுமதியில் ஒரு குறிப்பிட்ட பங்கு தடைக் காலத்திலும் தொடரும் என்று வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை ஆகிய நான்கு நாடுகளுக்கும் உடன்பாட்டில் எழுதிக் கொடுக்கலாம். தடை அமலாகும் முன் 30 நாள் அவகாசம் தரலாம். பணம் தருவதாக வங்கி உறுதியளிக்கும் கடனுறுதிக் கடிதம் திறக்கப்பட்ட சரக்கும் எல்லைக்கு வந்துவிட்ட லாரியும் எந்த அறிவிப்பாலும் நிற்கக் கூடாது. இப்படி வரம்பு வகுத்தால் பதுக்கல் பெருகும் என்பார்கள். பங்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அங்குள்ள வணிகர்கள் பீதியில் வாங்கிக் குவிக்க மாட்டார்கள், விலை அடங்கும், நாசிக் விவசாயிக்கும் ஒரு நிச்சயமான சந்தை இருக்கும்.

சிறிய அண்டை நாடுகளிடம் பதிலுக்குப் பதில் எதிர்பார்க்காமல் செய்ய வேண்டும் என்று 1996-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் வகுத்த கொள்கையை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான கங்கை நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கை, டாக்காவிலும் டெல்லியிலும் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் நீடித்தது. அதன் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சிலேயே உணவுப் பொருட்களுக்கான உறுதிமொழியையும் சேர்க்கலாம்.

வணிகச் செயலரையும் நுகர்வோர் துறைச் செயலரையும் உங்கள் குழு முன் அழையுங்கள். 2019, 2020, 2023 தடைகளுக்கு முன் வெளியுறவு அமைச்சகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டதா என்பதற்கான கோப்புகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அடுத்த அறிக்கையில் அப்படியே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்