பால்வாடியில் ஒரு அரை மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடிக்கு அனுப்பினால் பிள்ளை விளையாடிவிட்டுத்தான் வருகிறது, ஒரு எழுத்துகூட எழுதத் தெரியவில்லை என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் நத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் 16 வருடமாக அங்கன்வாடிப் பணியாளர், ஊரில் எல்லோருக்கும் பால்வாடி டீச்சர். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது, என் மையத்துத் தாய்மார்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

முதலில், அந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் மாதம் ஒரு தலைப்பாகப் போகிறது. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் 3 வயதிலிருந்து 8 வயது வரை விளையாட்டு வழியாகத்தான் சொல்லித்தரச் சொல்கிறது. மாவு பிசைந்து, மணி கோத்து, காகிதம் கிழித்துத்தான் பென்சில் பிடிக்கிற வலுவே அந்தப் பிஞ்சு விரல்களுக்கு வரும்.

ஆனால் புத்தகத்தில் உள்ளதை அப்படியே நடத்தினால் போதும் என்று நானும் ரொம்ப நாள் இருந்தேன். போன பங்குனியில் ஒரு நாள் வண்ண அட்டைகளைப் பரப்பி வைத்து நடத்திக்கொண்டிருக்கிறேன், நாலு வயதுப் பையன் ஒருவன் எதையும் பார்க்காமல் சுவரோரம் திரும்பி உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். தூக்கிப் போடுடா என்று அதட்டினேன். அழவில்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்று மதியம் பிள்ளைகள் தூங்கும்போது நோட்டில் அதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அவன் அடுக்கியது ஐந்தைந்தாக! அவன் பாட்டி புளி தட்டும் வேலைக்குப் போகிறவர், அங்கே மடியில் கிடந்து கற்றது. நானோ அவனுடைய மதிப்பீட்டு அட்டையில் எண்ணத் தெரியவில்லை என்று குறித்து வைத்திருந்தேன்.

மறுநாள் திட்டத்தை மாற்றினேன். ஒரு மஞ்சள் பை நிறையக் கொட்டை கொண்டுவந்தான். பெரியது சிறியது பிரித்தார்கள், கூட்டம் கூட்டமாக வைத்து எண்ணினார்கள், தரையில் தேய்த்து ஒருவருக்கொருவர் சூடு வைத்து, ஏன் சுடுது டீச்சர் என்று கேட்டார்கள். (இரண்டு வயதுக் குட்டிகள் மூக்கில் போட்டுக்கொள்ளும் என்பதால் அவர்களை உதவியாளர் அக்கா தனியாக வைத்துக்கொண்டார்.) அவன் அன்றைக்கு 20 வரை சத்தமாக எண்ணினான். வண்ண அட்டை அடுத்த வாரத்துக்குப் போனது, ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அதிலிருந்து யார் எதில் மூழ்கிக் கிடந்தார்கள், யார் ஒதுங்கினார்கள், நான் எங்கே அவசரப்பட்டேன் என்று நாலு வரியாவது எழுதப் பார்க்கிறேன். மறுநாள் என்ன செய்வது என்பது அந்த நாலு வரியிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்கு நேரம்? பதிவேடுகள், எடை, உயரம், சத்துமாவுக் கணக்கு, முட்டைக் கணக்கு, வீடு வீடாகப் போவது, அப்புறம் சிக்னல் கிடைக்காத இடத்தில் கைபேசியில் பதிவேற்றம். இவையும் பிள்ளைகளுக்கான வேலைதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை ஆய்வுக்கு வந்தவர் எல்லாப் பதிவேட்டையும் புரட்டிவிட்டு, இந்த நோட்டைத் திறக்காமலே நகர்த்தி வைத்தார். அன்றைக்கு மனசு விட்டுப்போனது உண்மை.

ஆகவே அந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் கூப்பிட வரும்போது ஏ, பி, சி, டி எழுதினாயா என்று கேட்காமல், இன்றைக்கு என்ன செய்தாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் காலையில் வந்து அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

அரசிடம் கேட்பதும் அந்த அரை மணி நேரத்தைத்தான். தினமும் மதியம் அரை மணி நேரம், வேறு எந்தப் பதிவும் கேட்காமல், அன்றைக்கு நடந்ததை எழுதவும் நாளைக்குத் திட்டமிடவும் எங்களுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். சுற்றுவட்டார மையங்களின் பணியாளர்கள் மாதாமாதம் கூடுகிற செக்டர் மீட்டிங்கில் எண்ணிக்கைகளைப் படித்து முடித்ததும், ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசவும் நேரம் கொடுங்கள். பக்கத்து ஊர் டீச்சர் நோட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்