சுண்டுவிரலும் தூண்டில் முள்ளும்

அன்புள்ள அம்மு,

போன வாரம் போனில் நீ கேட்டாயே, "இருபது வருஷமா சிட்னில இருந்து என்னதான்ப்பா பாத்தீங்க?" என்று, எனக்கு அப்போது பதிலே வரவில்லை. மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன்.

பிரிட்ஜ் தெருவும் பிலிப் தெருவும் சேரும் மூலையில், சிட்னி அருங்காட்சியக வாசலில், தூண்கள் நிற்குமே, அங்கேதான் முதலில். மொத்தம் 29 தூண்கள், சிட்னியைச் சுற்றி வாழ்ந்த 29 பூர்வகுடிக் குலங்களுக்காக. பட்ஜலா இனத்தைச் சேர்ந்த ஃபியோனா ஃபோலியும், பூர்வகுடி அல்லாத ஜேனட் லாரன்ஸும் சேர்ந்து 1995-இல் செய்த சிற்பம். அந்தத் தூண்களில் சாய்ந்து எத்தனை மதியம் சாண்ட்விச் தின்றிருப்பேன்! இந்த முறைதான் கிட்டப்போய்ப் பார்த்தேன். ஒரு மரத்தூணில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே தலைமுடி. சிப்பி, சாம்பல், எலும்பு என்று மற்றவற்றிலும் ஏதேதோ. செடிகளின் பெயர்களை லத்தீனிலும் இந்த மண்ணின் மொழியிலும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காதைக் கொடுத்தால் பழைய இடப்பெயர்களை யாரோ மெதுவாகச் சொல்வது கேட்கிறது. 1788-இல் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் முதல் ஆளுநர் மாளிகை கட்டத் தொடங்கிய இடமும் அதுதான். வந்தவர்களை மரங்களின் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் இருந்தார்கள் இல்லையா, அந்தச் சிற்பத்தின் பெயரே 'மரங்களின் ஓரம்' என்றுதான். நான் இத்தனை வருஷமும் வந்தவன் கண்ணோடு மட்டுமே அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன்.

அப்புறம் ஓபரா ஹவுஸுக்கு மேலே இருக்கும் புல்வெளிக்கு நடந்தோம், அம்மாவுக்கு முட்டி வலி வேறு. அங்கே வானியி இனத்து ஓவியர் ஜூடி வாட்சன் வடித்த 'பாரா' நிற்கிறது, 2022-இல் வைத்தது, ஆறு மீட்டருக்கும் மேல் உயரம், பிறை மாதிரி வளைந்த தூண்டில் முள். "இதுல என்ன திமிங்கிலமா பிடிப்பாங்க?" என்றாள் அம்மா. நிஜமான முள் விரல் நீளம்கூட இருக்காதாம். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான கடிகல் குலத்துப் பெண்கள் கடல்நத்தை ஓட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் செய்தது. மரப்பட்டைப் படகில், களிமண் மேல் தீ மூட்டி வைத்துக்கொண்டு, இதே துறைமுகத்தில் மீன் பிடித்திருக்கிறார்கள், பிடித்ததை அங்கேயே சுட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மீன் பிடிக்கப்போகும் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே இடது சுண்டுவிரல் நுனியை எடுத்துவிடும் வழக்கம் இருந்ததை அன்றைய வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தூண்டில் நூலைச் சுற்ற வாகாக இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் அம்மா தன் சுண்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் வஞ்சிரம் பேரம் பேசுகிறவள்தான், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அந்தத் தூணில் இருந்த செடிப்பெயர் ஒன்றை எழுத்துக்கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய். பார்க்கிங் நேரம் முடிகிறது என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், பாதியில் நின்றுவிட்டது. அந்த நோட்டு உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, மீதி எழுத்துகளை நான் போய்ப் பார்த்து எழுதி அனுப்புகிறேன். இந்தத் தடவை ரயிலில்தான் போவேன்.

அப்பா