சுரண்டாமல் போடும் சாலை

ஆசிரியருக்கு,

மழை ஓய்ந்ததும் சாலை போடும் வேலை மறுபடி தொடங்கிவிடும், அதற்கு முன்னால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு (மில்லிங் என்பார்கள்) அதே கனத்துக்குத்தான் புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதமே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் இன்றும் பல இடங்களில் பழைய சாலையைப் பேருக்குக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அதன் மேலேயே தாரைக் கொட்டி ரோலரை ஓட்டிவிடுகிறார்கள்.

இப்படிச் சாலை உயர்ந்துகொண்டே போனதில், மூன்று படி இருந்த வாசலில் இப்போது ஒன்றுதான் மிச்சம், மழை பெய்தால் தண்ணீர் நேரே கூடத்துக்கு வருகிறது, அப்புறம் பாதாளச் சாக்கடை மூடி மட்டும் பழைய மட்டத்திலேயே நின்று நடுச்சாலையில் குழியாகிவிடுகிறது, இரவில் பைக்கில் வருபவருக்கு அது தெரியவே தெரியாது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குபவர்களுக்குத்தான் நல்ல வருமானம்!

சுரண்டிய ஜல்லியும் தாரும் வீணாகாது, புதுக் கலவையில் சேர்க்கலாம். எத்தனை மில்லிமீட்டர் சுரண்டினார்கள், எத்தனை போட்டார்கள் என்று வேலை நடக்கும் இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அளந்து பார்த்த பிறகு ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் பண்ணினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்