கூரைத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்குப் பரிசோதனையும் பதிவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேலைத் தொழிலாளர்கள் சார்பில் ஒருவர்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட கூரைத் தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, தொழில்நோய்ச் சான்று வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 26 ஆண்டுகளாகக் கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுவந்த கூலித் தொழிலாளி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நொறுங்கிய கூரைகளை அகற்றிப் புதிய ஷீட்டுகளை ஏற்றும் வேலை எங்களுக்கு மாதக்கணக்கில் ஓயாமல் இருந்தது. உடைந்த துண்டுகளை வெறுங்கையால் அள்ளிப் பள்ளங்களில் கொட்டினோம். கட்டிங் மெஷினில் அறுக்கும்போது எழுந்த வெள்ளைத் தூசிக்கு மூக்கில் கட்டிய துண்டுதான் தடுப்பு. தூசி படிந்த சட்டைகளை உதறித் துவைத்த எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் துண்டும் இல்லை.

மூன்று ஆண்டுகளாக எனக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல் நிற்கவில்லை. சளியில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தபிறகும், காசநோயாக இருக்கலாம் என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு வேறொரு மருத்துவமனையில்தான் ஒரு மருத்துவர், "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. ஸ்கேன் பார்த்த அவர், கல்நார் இழைகளால் நுரையீரல் தழும்பேறியிருப்பதாகவும், இதன் பெயர் ஆஸ்பெஸ்டோசிஸ் என்றும், தழும்பை நீக்க மருந்து இல்லை என்றும் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் நுரையீரலுக்குள் தங்கி, நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையில் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயையும்கூட உண்டாக்கக்கூடியவை. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்கு கூடுகிறது. தூசி பட்டு 20, 30 ஆண்டுகள் கழித்தே நோய் தலைகாட்டுவதால், அதற்குள் எங்களை வேலைக்கு அழைத்த மேஸ்திரியும் ஒப்பந்ததாரரும் இருந்த இடம் தெரிவதில்லை. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையைவிட்ட பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று உத்தரவிட்டது. ஷீட் செய்யும் ஆலைத் தொழிலாளிக்குக் காகிதத்திலாவது அந்தப் பாதுகாப்பு உண்டு. அதே ஷீட்டை அறுக்கும் எங்களுக்கு வருகைப் பதிவேடே கிடையாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இந்நோய் இருந்தும், யாரை முதலாளி என்று காட்டுவது?

ஆகவே, நீண்டநாள் இருமலோடும் மூச்சுத்திணறலோடும் வருபவர்களின் தொழிலையும் அது செய்த ஆண்டுகளையும் மருத்துவச் சீட்டில் எழுதுமாறு மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அறிவுறுத்தக் கோருகிறோம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைக்கொண்டு கூரை வேலை செய்தவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை, தேவைப்படுவோருக்கு ஸ்கேன் எடுத்து, நோய் உறுதியானால் தொழில்நோய்ச் சான்று வழங்க வேண்டும். தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கு ராஜஸ்தான் அரசு 2019இல் நிதியுதவியுடன் கூடிய தனிக் கொள்கை வகுத்ததைப்போல இங்கும் வகுக்க, தமிழக அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தெருவோரம் குவிந்து கிடக்கும் உடைந்த ஷீட்டுகளை நனைத்து, பாலித்தீனில் கட்டி அகற்ற உள்ளாட்சிகளுக்கு உத்தரவிடவும் வேண்டுகிறோம். ஏழைகளின் கூரையைப் பிரிக்கச் சொல்லி இம்மனுவை எழுதவில்லை. உடையாத ஷீட்டைவிட, அறுபடுவதும் நொறுங்குவதுமே ஆபத்து என்பதை அறிவோம்.

எனது ஸ்கேன் அறிக்கையின் நகலும், இதே தொல்லையுள்ள 14 தொழிலாளர்களின் பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளன. அவர்களில் இருவரால் பேருந்து நிறுத்தம்வரைகூட நடக்க இயலாததால், முதல் முகாமைக் கடலூர் முதுநகரிலேயே நடத்த ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்