சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இங்கே வந்திருக்கும் 22 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத 41 பேருக்கும் இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். கட்டைவிரல் படம் போடுவதற்கு முன் படித்தும் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஏப்ரலில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றம், மிட்டாய். அக்டோபரில் படிப்பகத்துக்கு மின்விசிறி ஒன்று மாற்றினோம். இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரு மூத்த உறுப்பினர்களுக்குச் செப்டம்பர் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. செயற்குழு 12 முறை கூட்டப்பட்டது. அதில் ஐந்து முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இல்லை. ஒரு முறை நானும் பொருளாளரும் மட்டும் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். 2023இன் கருப்பொருள் பிளாஸ்டிக் ஒழிப்பு என்பதால் அதற்கு ஒரு பிளக்ஸ் அடித்து வைத்தோம். (பிளக்ஸும் பிளாஸ்டிக்தானே என்று நான் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகவில்லை.) ஆனால் வெயில் தாங்காமல் அரசு பள்ளித் திறப்பைத் தள்ளிக்கொண்டே போய், ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14 என்று ஆக்கிவிட்டது. ஆகவே பிள்ளைகளே இல்லாத சுற்றுச்சூழல் தினம். பிறகு ஒரு சனிக்கிழமை ஐந்து பள்ளிகளில் 60 கன்றுகள் நட்டோம். போட்டோவில் 38 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டில் அதிகம் பேர் கூடிய நிகழ்ச்சி அதுதான்.

இனிக் குளத்து நோட்டு, அதாவது பள்ளிப் பிள்ளைகள் வாராவாரம் குளத்தைப் பார்த்து எழுதும் நோட்டு. இது ‘செயலாளரின் சொந்த விளையாட்டு’ என்று டீக்கடையில் பேசிக்கொள்வதாக என் காதுக்கு வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி புதிது அல்ல. 1991இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. சினிமாக் கொட்டகையில் ஒவ்வொரு காட்சிக்கும் சுற்றுச்சூழல் பற்றி ஸ்லைடு போடச் சொன்னதும் அதே தீர்ப்புதான். 2001இல் தேசிய பசுமைப் படை என்ற பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் வந்தது. நான் பணியில் இருந்தபோது அதன் பொறுப்பாசிரியராகவும் சில காலம் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, பேரணி, கன்று நடுதல், அதோடு சரி. பேரணியில் கோஷம் போட்ட பிள்ளைக்குத் தன் ஊர்க் குளத்தில் எத்தனை மடை என்று தெரியாது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அதற்காகத்தான் இந்த நோட்டு. பள்ளிக்கு ஒன்று, 192 பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு பிள்ளைகள் பெரியகுளத்துக் கரைக்குப் போய், தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, என்ன பறவை, என்ன குப்பை என்று எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும். துணைக்கு நம் உறுப்பினர் ஒருவர். இவ்வளவுதான் திட்டம். செயற்குழுவில் வைத்தபோது ஒரு மூத்த உறுப்பினர், “அண்ணாச்சி, கன்னு நட்டு போட்டோ புடிச்சா பேப்பர்ல வரும். நோட்டைப் பாக்க யாரு வாராவ?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யாரும் வரவில்லை.

ஜூலை மாதத்துப் பதிவு ஒன்றை அப்படியே வாசிக்கிறேன்: “தண்ணீர் இல்லை. மாடு 9. கிரிக்கெட் 2 டீம். பாலித்தீன் பை எண்ண முடியவில்லை.” எழுதியது ஏழாம் வகுப்புப் பெண். நான் எழுதியிருந்தால் வறட்சியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் போயிருக்கும்.

நவம்பரில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரும் மழையும் சேர்ந்து குளம் பாதி நிறைந்தது. முக்குளிப்பான், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து என்று பக்கம் நிரம்பத் தொடங்கியது. குளத்தை, நீரில் மிதந்து படரும் அமலைச் செடி மூடுகிறது, அள்ள வேண்டும் என்று நாம் மனு கொடுத்தது நினைவிருக்கும். அமலைமேல் நடந்து போகும் இலைக்கோழியைப் பார்த்துவிட்டு ஒரு பையன், “சார், அமலையை அள்ளிட்டா இது எங்க போகும்?” என்றான். மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் டிசம்பர் 17, 18 வெள்ளம். அந்த இரண்டு நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்ததோடு தப்பியது. தாமிரபரணி ஆற்றோரப் பள்ளியில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். ஐந்து நோட்டில் இரண்டு போய்விட்டன. அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போன நேரத்தில் நோட்டைப் பற்றிக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் பிள்ளைகளே வந்தார்கள். ஆற்றங்கரை மருதமரங்களில் கந்தல் துணியும் பாலித்தீனும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று கழற்றி ஆற்றில் விடும் வேட்டி சேலையும் அதில் சேர்த்திதான். ஒரு மூங்கில் கம்பில் அடி அளந்து கோடு போட்டு, எந்த உயரம் வரை குப்பை மாட்டியிருக்கிறது என்று பதினேழு மரங்களில் அளந்தார்கள். அதிகபட்சம் பதினோரு அடி. ஆறு எவ்வளவு ஏறியது என்பதற்கு நம் ஊரில் இருக்கும் எழுத்துப்பூர்வமான சாட்சி, எனக்குத் தெரிந்து, அந்தப் பக்கம் ஒன்றுதான்.

ஜனவரியில், 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் பிள்ளைகள் எட்டுப் பேர் கலந்துகொண்டார்கள். பிப்ரவரியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய் வந்தோம். பட்டைத்தலை வாத்து பார்த்தோம். வேன் பாதி வழியில் பஞ்சர்.

நட்ட 60 கன்றுகளையும் மார்ச்சில் பிள்ளைகளை வைத்தே எண்ணச் சொன்னேன். உயிரோடு இருப்பவை 14. அதில் ஒன்பது, சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவும் தண்ணீர் ஓடும் வழியில் நின்றவை. மீதியை ஆடு தின்றதா, நம் மறதி தின்றதா என்று விசாரிக்கவில்லை. இந்தக் கணக்கை அறிக்கையில் போட வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள். போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடியேற்றத்தன்று பேப்பர் கப்பில் டீ கொடுத்தோம். ஒரு சிறுமி கப்பின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டி, “சார், இதுவும் தடைதானே?” என்று கேட்டாள். தடைதான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. அன்று முதல் நம் கூட்டங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். கழுவுவது யார் என்று தீர்மானிக்காததால் நான் கழுவுகிறேன். பள்ளி வாசலில் அதே கப்பு விற்கும் கடை நம் உறுப்பினர் ஒருவருடையது. அவர் இன்று வந்திருக்கிறார், சந்தாவும் கட்டிவிட்டார். எனவே இதற்கு மேல் எழுதவில்லை.

சந்தா என்றதும் நினைவு வருகிறது. ஆண்டுக்கு 240 ரூபாய், மாதம் 20. கட்டியவர்கள் 29 பேர். கட்டாதவர்கள் 34 பேர். பாக்கி 8,160 ரூபாய். கன்று நட்ட போட்டோவை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்துவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வெள்ளத்தின்போது கொஞ்சம் அரிசி, பாய் என்று போனது. அதற்கு ரசீது கேட்பது முறையல்ல. பைனாகுலர் வாங்கியது பற்றிக் கேள்வி வரும் என்று தெரியும். நாலாயிரத்துச் சொச்சம். பில் நனைந்த கோப்பில் இருந்தது, காயவைத்ததில் எழுத்து மட்டும் மறைந்துவிட்டது. பைனாகுலர் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போகலாம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஐந்து பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், நோட்டில் தேதி போடப் பழக்கிய அறிவியல் டீச்சர்களுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்த மண்டபத்தாருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இந்தப் பொறுப்பில் தொடர விரும்பவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, குளத்துப் படி இறங்கினால் ஏற முடியவில்லை. இளையவர் யாராவது முன்வந்தால் சாவி, முத்திரை, ரசீதுப் புத்தகம் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால், சென்ற ஆண்டு சொன்னதையே இந்த ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

எப்படியானாலும் ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து புது நோட்டு வேண்டும். அது பெரிய செலவு இல்லை. ஆள்தான் வேண்டும். சனிக்கிழமைப் பட்டியலை வாசல் மேசையில் ஒட்டியிருக்கிறேன். ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கும் ஒன்பது சனிக்கிழமை. மூன்றில் என் பெயர் எழுதியிருக்கிறேன். பேனா நூலில் கட்டியிருக்கிறது, டீ அதற்குப் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
செயலாளர்