கதிரின் முதல் மலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அரையாண்டு லீவுக்கு நீங்கள் மூன்று பேரும் வருகிறீர்கள் என்று கேட்டதில் இருந்து அம்மா காலண்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ அனுப்பிய மலைப் பட்டியலை நிதானமாகப் படித்தேன். குரங்கணியில் இருந்து டாப் ஸ்டேஷன், வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை, அப்புறம் சதுரகிரி. மூன்றும் அருமையான மலைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் மலையாக இதில் ஒன்றுகூட வேண்டாம். போனில் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதிருக்கு மலை பிடித்துப்போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. முதல் தடவையே கால் கடுத்து, நாக்கு வறண்டு, இருட்டில் அழுதுகொண்டே இறங்கிய பிள்ளை, அடுத்த முறை மலை என்றாலே வர மாட்டேன் என்று சொல்லிவிடுவான். ஏறி முடித்ததும் "தாத்தா, இன்னும் கொஞ்சம் மேலே போகலாமா?" என்று கேட்கிற இடத்தில் அவனைத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். அப்படித் திரும்பினால் மறுபடி வருவான்.

சர்வே வேலையில் இருந்தவன் என்பதால் எனக்குத் தூரத்தைவிட உயரம்தான் முதலில் கண்ணில் படும். நீ பட்டியலில் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டர் மட்டும் போட்டிருக்கிறாய். மலையில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். சமதரையில் பெரியவர்கள் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறோம் என்று வைத்துக்கொள். மேலே ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். குரங்கணியில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். நடக்கிற நேரம் போக, ஏற்றத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தனியாக வரும். அதுவும் பெரியவர்களுக்கு. பிள்ளை உடன் வந்தால் மொத்தத்தையும் இரண்டால் பெருக்கிக்கொள். நடுவில் ஒரு பூச்சியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு யார் கணக்குப் போடுவது? அவன் பார்க்கட்டும், அதற்குத்தானே கூட்டிப் போகிறோம்.

அதனால் முதலில் அழகர் மலை. மதுரையில் நம்ம வீட்டில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறரைக்கெல்லாம் கோயில் வாசலில் இறங்கிவிட வேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, கோட்டைச் சுவரைத் தாண்டி மேலே போகிற ரோட்டில் நடக்கத் தொடங்கினால் பழமுதிர்சோலை வரைக்கும் வழி தவற வாய்ப்பே இல்லை. மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். தார் ரோடுதானே, இதில் என்ன மலையேற்றம் என்று மாப்பிள்ளை நினைக்கலாம். ரோட்டோரமாக நடந்து பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் காடு. வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரில் மலை முழுக்கப் பச்சையாக இருக்கும். வளைவுக்கு வளைவு காற்றின் குளிர்ச்சி மாறும். கதிருக்கு முடியவில்லை என்றால் மேலே போகிற வேனில் ஏற்றிவிடலாம். எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ள முடிகிற பாதையைத்தான் நான் சுலபமான பாதை என்பேன்.

பழமுதிர்சோலையில் நாவல் மரத்தைக் காட்டு. மாட்டுக்காரச் சிறுவனாக வந்த முருகன் ஔவையிடம் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று கேட்ட கதையை அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கதையை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அங்கிருந்து இன்னும் மேலே ராக்காயி அம்மன் கோயில், நூபுர கங்கை. ஐப்பசியில் கள்ளழகர் தைலக்காப்புக்காக மலையேறி வருவது இந்தத் தீர்த்தத்துக்குத்தான். பாறைக்குள் இருந்து வருகிற தண்ணீர், தலையில் விழுந்த உடனே மூச்சு ஒரு நொடி நின்று வரும். மாற்று உடுப்பு ஒன்று மறக்காமல் எடுத்துக்கொள்.

அழகர் மலையில் பயப்பட வேண்டியது குரங்குக்குத்தான். கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தால் போச்சு. கவர் சரசரக்கும் சத்தத்தை அது தின்பண்டம் என்று தெரிந்து வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடு. பிள்ளை கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுக்காதே. பிடுங்க வந்தால் விட்டுவிடச் சொல், இழுக்கக் கூடாது. பல்லைக் காட்டுகிற குரங்கின் கண்ணைப் பார்த்து நிற்கவும் கூடாது. இறங்கி வந்தால் கோயில் வாசலில் அழகர் கோயில் தோசை கிடைக்கும். நல்ல கனம், மிளகு வாசம். அவனுக்கு அது பிடிக்கும் பார்.

கால் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்து சிறுமலை போகலாம். திண்டுக்கல் பக்கம் 18 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்விட்டால் ஊர்களும் தோட்டங்களும்தான். காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா, அப்புறம் அந்தச் சின்னச் சின்ன மலை வாழைப்பழம். தோட்டத்தில் இருந்து மூட்டையைக் குதிரை மேல் ஏற்றிக்கொண்டு வருகிற பாதைகள் இன்னும் இருக்கின்றன. கதிருக்குக் குதிரை என்றால் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்காரர்களிடம் கேட்டுவிட்டு அந்தப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் போதும். அகத்தியர்புரத்தில் இருந்து வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு ஏறுகிற வழி குறுகியதுதான், ஆனால் செங்குத்து. அதை மாப்பிள்ளையும் நீயும் போய் வாருங்கள், கதிர் கீழே என்னோடு இருக்கட்டும். காட்டுமாடு நடமாட்டம் உள்ள இடம். எதிரே பார்த்தால் போட்டோ எடுக்கப் பக்கத்தில் போக வேண்டாம். ஓடவும் வேண்டாம். அப்படியே நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்து வழி விட்டுவிடுங்கள்.

குட்லாடம்பட்டி அருவியையும் கேட்டிருந்தாய். மழை நன்றாகப் பெய்திருந்தால்தான் அங்கே தண்ணீர். இந்த வருஷம் எப்படி என்று வாடிப்பட்டியில் விசாரித்துச் சொல்கிறேன்.

கொடைக்கானலுக்கு வருகிறேன். அங்கே மலையேற்றம் என்று தனியாக எதையும் தேட வேண்டாம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதரை. கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர், 1872-இல் போட்ட நடைபாதை, காலை எட்டு மணிக்குள் போனால் மேகம் ஏறி வருவதற்கு முன்னால் கீழே சமவெளி தெரியும். வட்டக்கானலில் டால்ஃபின் நோஸ் என்கிற பாறை முனை வரைக்கும் போகலாம், ஆனால் அந்தப் பாதையின் குணத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். போகும்போது இறக்கம். மரத்தின் வேர்களே படி. பிள்ளை துள்ளிக்கொண்டு இறங்குவான், எல்லாருக்கும் சுலபமாகத் தோன்றும். ஏற்றம் முழுவதும் திரும்பி வருகையில், களைத்த காலுக்கு மிச்சம் இருக்கும். அதனால் இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொள். இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள். அந்தப் பாறை முனைக்கு வேலி கிடையாது. கதிரின் கையை நீயோ மாப்பிள்ளையோ பிடித்திருக்க வேண்டும், முனையில் இருந்து ஆறு ஏழு அடி தள்ளியே நில்லுங்கள். செல்ஃபிக்கு அந்த முனை வேண்டாம் தாயி. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அதைத் தாண்டி வெள்ளகவிக்கு இறங்குகிற பாதை பெரியவர்கள் முட்டியையே பதம் பார்க்கும். கும்பக்கரை வரை 1,000 மீட்டருக்கும் மேல் ஒரே இறக்கம். 2030-இல் குறிஞ்சி மறுபடி பூக்கும். 2018-இல் பூத்தது, பன்னிரண்டு வருஷக் கணக்கு. அப்போது கதிர் வளர்ந்திருப்பான், அந்தப் பாதையை அப்போது யோசிக்கலாம்.

வட்டக்கானலில் ஒன்றை மட்டும் அவனுக்குக் காட்டு. பைன் மரங்கள் வெளியில் இருந்து கொண்டுவந்து நட்டவை, அதன் கீழே ஊசி இலையைத் தவிரப் பெரிதாக எதுவும் முளைத்திருக்காது. சோலைக் காட்டுக்குள் நுழைந்தால் தரையே வேறு. மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, காலடியில் மெத்தென்று மக்கிய இலை. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியச் சொல். மழை நின்று நாளாகி இருந்தாலும் விரல் நனையும். இப்படிப் பிடித்து வைத்த தண்ணீர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடையாகிறது, கும்பக்கரையில் அருவியாக விழுந்து கடைசியில் நம்ம வைகையில் சேர்கிறது. பிழிந்ததை அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல். அட்டை ஏறினால் பதறிப் பிடுங்க வேண்டாம், உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், மாப்பிள்ளையை இப்போதே எடுத்து வைக்கச் சொல். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை, எவர்சில்வர் பாட்டில்களை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள்.

குரங்கணியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று இன்னும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 உனக்கு நினைவிருக்கும். மலையேறப் போன பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். தீக்காயம் பட்டவர்கள் பலரை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். எல்லாரும் உன் வயதுப் பிள்ளைகள். அன்றைக்கு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மார்ச் மாதத்தில் இந்த மலைகளின் புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும், காற்று அடித்தால் தீ மேட்டை நோக்கி ஓடுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. அதனால்தான் வெயில் காலத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. மூடியிருந்தால் மூடியிருக்கட்டும், தெரிந்த ஆளைப் பிடித்துக் குறுக்கு வழியில் போகிற பேச்சே வேண்டாம். 2024 அக்டோபரில் இருந்து வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு வைத்திருக்கிறது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தும் போட்டிருக்கிறார்கள், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நீங்கள் இருவரும் ஒருநாள் தனியாகப் போக ஆசைப்பட்டால் அதில் பதிவு செய்து போங்கள். கதிரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சதுரகிரிக்கு பாட்டிமார்கூட ஏறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏறுகிறார்கள்தான், வருஷக்கணக்காக ஏறிப் பழகிய கால் அது. அமாவாசை, பௌர்ணமிக் கூட்டமும், மழை பெய்தால் திடீரென்று பெருகுகிற ஓடைகளும் பிள்ளைக்கு ஆகாது.

ஊரில் இருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியது சில. புது ஷூ வாங்கினால் இப்போதே வாங்கி, தினமும் மாலையில் போட்டு நடக்கவிடு. மலையில் வந்து புது ஷூ கடித்தால் அன்றைய நடை அதோடு முடிந்தது. பழைய ஷூ என்றால் அடிப்பாகத்தை வளைத்துப் பார், பசை விட்டிருந்தால் தெரியும். மூன்று பேரும் இரண்டு நாளைக்கு முன்பே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பாதம் முன்னால் சரிந்து நகம் ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும், பெருவிரல் நகம் கறுப்பது அப்படித்தான். ஏறும்போது லேஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். உச்சியில் உட்கார்ந்து எல்லாரும் அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக, முட்டியைக் கொஞ்சம் மடக்கி வைக்கச் சொல். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டுக்கு அம்மா புளியோதரை கட்டித் தருவாள். டிசம்பரில் ஆறு மணிக்கு மேல் பொழுது சாய்ந்துவிடும், மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். அதனால் எந்த மலையாக இருந்தாலும் மூன்று மணிக்கெல்லாம் நாம் கீழே இருக்க வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரி, நேரமானால் திரும்பிவிடலாம்.

கதிரின் உயரம் எத்தனை அடி என்று எழுது, இங்கே அவனுக்கு மூங்கில் கம்பு ஒன்று அளவாக வெட்டி வைக்கிறேன். டிக்கெட் உறுதியானதும் எந்த ரயில், எந்தப் பெட்டி என்று சொல், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். வந்த மறுநாள் யாருக்கும் எந்த வேலையும் இல்லை, நன்றாகத் தூங்குங்கள். அதற்கு அடுத்த நாள் காலை அழகர் மலை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா