கணக்கு நோட்டு இல்லாதவர் எல்லாம் மோசடிக்காரர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திவால் என்று செய்தி வந்தால் அது பெரும்பாலும் ஏதாவது ஒரு பெரிய கம்பெனியைப் பற்றியதாகவே இருக்கிறது. தனியாளாகத் தொழில் செய்து, கடன் தலைக்கு மேல் போய் நொடித்துப் போகிறவரைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கடனை அடைக்க முடியவில்லையே என்பதைவிடப் பெரிய பயம் ஒன்றை அவர்களிடம் பார்க்கிறேன். கையில் ரசீது இல்லை, நோட்டு இல்லை, இனி நம்மை யார் நம்புவார்கள் என்கிற பயம்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லை கிடையாது, சம்பளச் சீட்டைக் காட்டினால் முடிந்தது. தையல் வேலை செய்பவர், பிளம்பர், வாடகை வண்டி ஓட்டுபவர், வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்பவர், இவர்களுக்குப் பாதிப் பணம் ரொக்கமாக வரும், மீதி எப்போதாவது வங்கிக்கு வரும், பிள்ளையின் ஃபீஸும் சரக்குக்காரரின் பாக்கியும் ஒரே கணக்கிலிருந்துதான் போகும். இன்னொன்று, கம்பெனி நொடித்தால் பொதுவாகக் கம்பெனியின் சொத்தோடு நின்றுவிடும். தனியாள் நடத்தும் தொழிலில் தொழில் வேறு, ஆள் வேறு என்று சட்டம் பிரிப்பதில்லை, சொந்த சொத்து வரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

திவால் மனு போட்டதும் முதலில் கேட்கப்படுவது வங்கி ஸ்டேட்மென்ட். அதில் உள்ள வரவையெல்லாம் கூட்டி, இதுதான் உன் வருமானம் என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம். வந்த பணத்தில் பெரும்பகுதி சரக்குக்கும் எரிபொருளுக்கும் கூலிக்கும் போயிருக்கும், நடுவே அக்கா கொடுத்த கைமாற்றும் இருக்கும், ஒரு கடனை அடைக்க வாங்கிய இன்னொரு கடனும் இருக்கும். அப்புறம் சீசன் தொழில் செய்பவரின் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் வருமானச் சோதனை என்று வந்தால் மனுவுக்கு முந்தைய 6 மாதச் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். அந்த 6 மாதம் வேலை குவிந்த காலமாக இருந்துவிட்டால் காகிதத்தில் அவர் வசதியானவராகத் தெரிவார்.

ஆனால் நோட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் யாரையும் தள்ளிவிடுவதில்லை, இதைத்தான் மக்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 1978 திவால் சட்டத்தில், கணக்கு வைக்காதவருக்குக் கடன் விடுதலையை, அதாவது மீதிக் கடனை இனிக் கட்ட வேண்டாம் என்ற உத்தரவை, மறுக்கலாம் என்று இருக்கிறது. அதே வரியில், அவருடைய சூழ்நிலையைப் பார்க்கும்போது கணக்கு வைக்காததற்கு நியாயம் இருந்தால் மறுக்க வேண்டாம் என்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுவாக ஓராண்டில் விடுதலை கிடைத்துவிடும், தொழிலுக்குத் தேவையான சொந்தக் கருவிகளையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள். ஆனால் மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளில் சொத்து எப்படிக் கரைந்தது என்று காட்டப் பதிவு இல்லை என்றால், அதையும் கணக்கில் எடுத்து, புதிதாகக் கடன் வாங்குவது போன்றவற்றுக்கு 2 முதல் 15 ஆண்டு வரை கட்டுப்பாடு விதிக்க முடியும். ஆக, இருந்தது எங்கே போனது என்பதற்குப் பதில் இருக்கிறதா, அதுதான் கேள்வி.

இது தெரியாமல் பயத்தில் செய்கிற காரியங்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய தேதி போட்டுப் புது பில் எழுதுவது அதில் முதலாவது, தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மானம் போகக் கூடாதென்று சொந்தக்காரர் கடனை மட்டும் முதலில் அடைப்பது இன்னொன்று. அமெரிக்காவில் மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள், இங்கிலாந்தில் 2 ஆண்டுக்குள் உறவினருக்கு அப்படிக் கொடுத்த பணத்தை, கடன் கொடுத்த மற்றவர்களுக்காகத் திரும்ப வாங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. உதவிய அண்ணனே நோட்டீஸ் வாங்கும்படி ஆகிவிடும். கடன் விண்ணப்பத்தில் ஏஜென்ட் தானாகவே ஒரு பெரிய வருமானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார், வரித் தாக்கலில் வேறு தொகை இருக்கும். விசாரணையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். இதை மறைக்காமல் முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும்.

தொலைந்த கணக்கை நேர்மையாகத் திரும்பக் கட்ட முடியும், நானே செய்து பார்க்கிறேன். சரக்கு கொடுத்தவரிடம் அவருடைய பேரேட்டு நகல் இருக்கும், வாங்கிய அளவு தெரிந்தால் விற்ற அளவை ஓரளவு பிடித்துவிடலாம். போனில் வந்த ஆர்டர் மெசேஜ், பணம் வந்த செயலியின் பட்டியல், வாடகை ரசீது, மின்கட்டணம் எல்லாமே சாட்சிதான். வீட்டுச் செலவைக் கூட்டினால் இவ்வளவாவது வந்திருக்க வேண்டும், அல்லது கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பது தெரியும். உத்தேசமாகப் போட்ட தொகையின் பக்கத்தில் உத்தேசம் என்றே எழுதி, எப்படிக் கணக்கிட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். தாக்கல் செய்யாத வரிக் கணக்கு இருந்தால் முதலில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் கடனில் மூழ்கியவர் தனியாகச் செய்ய முடியாது, கணக்காளருக்குக் கொடுக்க அவரிடம் காசும் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல், நேர்மையாகத் தொழில் செய்து நொடித்தவருக்கு 3 ஆண்டுக்குள் முழு விடுதலை கிடைக்க வழி செய்யும்படி உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது. இந்தியாவில் 2016 திவால் சட்டத்திலேயே தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அதை நடைமுறைப்படுத்தினார்கள். மற்றவர்களுக்கு 1909, 1920-ஆம் ஆண்டுகளின் பழைய திவால் சட்டங்கள்தான் கதி. புதுச் சட்டம் எங்கே வந்தாலும் அதோடு இலவசமாகக் கணக்கு எழுதித் தர ஓர் ஆளும், உத்தேசத் தொகைக்கென்று தனிப் பத்தி உள்ள எளிய படிவமும் சேர்ந்து வர வேண்டும். அதுவரை உங்கள் நாளிதழாவது ஒரு திவால் வக்கீலையும் ஒரு கணக்காளரையும் வைத்து, வாசகர்களின் கேள்விகளுக்குப் பெயர் வெளியிடாமல் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதும் ஒரு வாசகர்